கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் சோபாவில் தலைகீழாகப் படுத்திருந்தாள். "சித்தி, ரோமியோ ஜூலியட் போடுங்க, ஆனா பழைய காலத்துப் படம் வேண்டாம்" என்று அவள் கேட்டதால் பாஸ் லூர்மன் எடுத்ததைப் போட்டேன். 1996-இல் வந்த படம். அவள் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தையது என்பதைச் சொல்லவில்லை.

முக்கால் படம் வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்தக் கூரியர் காட்சி வந்தது. ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்து மயங்கிக் கிடக்கிறாள் என்ற செய்தியைப் பாதிரியார் கூரியரில் அனுப்புகிறார். கூரியர்காரர் பாலைவனத்தில் ரோமியோ தங்கியிருக்கும் டிரெய்லர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ஆள் இல்லை என்று நினைத்துச் சீட்டு ஒன்றை விட்டுவிட்டுப் போகிறார். ரோமியோ கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறான். சீட்டை அவன் பார்க்கவே இல்லை.

அக்கா மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மெசேஜ் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே சித்தி?"

அக்கா கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தச் சாமியார் தானே நேர்ல போயிருக்கலாம்ல?" என்றாள்.

இரண்டு கேள்விக்கும் அன்று என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

இதே படத்துக்காக ஒரு வகுப்பறையே இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்தவள் நான். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் இந்த நாடகம் பாடம். எங்கள் பேராசிரியைக்கு ஃபிராங்கோ செஃபிரெல்லியின் 1968-ஆம் வருடத்துப் படம்தான் வேதம். இத்தாலிய வீதிகள், வெல்வெட் உடைகள், நிஜமாகவே பதின்ம வயதில் இருந்த இரண்டு நடிகர்கள். அதை வகுப்பில் போட்டு, கண் கலங்கப் பார்க்கவைத்தார். அடுத்த வாரமே யாரோ ஒரு பையன் லூர்மன் படத்தின் வீசிடியைக் கொண்டுவந்துவிட்டான். டிகாப்ரியோ முகம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 'டைட்டானிக்' வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பேராசிரியை எழுந்து வெளியே போய்விட்டார். முதல் வரிசை அவர் பக்கம், கடைசி மூன்று வரிசை படத்தின் பக்கம். போதாக்குறைக்கு இரண்டாவது வட்டில் கீறல். கல்லறைக் காட்சியில் ரோமியோ குனியும்போது திரை கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது. எவ்வளவு துடைத்தும் ஓடவில்லை. அந்தப் படத்தின் முடிவை நான் பார்த்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. அந்த முடிவில் ஒரு விஷயம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

எங்கள் வகுப்பில் நடந்ததுதான் உலகம் முழுக்க நடந்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இரண்டே நட்சத்திரம் கொடுத்தார். ஷேக்ஸ்பியரை விரும்புகிறவர்களையும் இது கலங்கடிக்கும், துப்பாக்கிச் சண்டைக்காக வருகிறவர்களையும் சலிக்கவைக்கும் என்கிற மாதிரி எழுதினார். அதே நடிப்புக்கு டிகாப்ரியோ மறு வருடம் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி வாங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தியேட்டரில் குவிந்தார்கள்.

லூர்மன் வைத்துக்கொண்ட சிக்கல் விசித்திரமானது. காலத்தை மாற்றினார், ஊரை மாற்றினார், வசனத்தை மட்டும் மாற்றவில்லை. பாதிக்கு மேல் வெட்டினார். ஆனால் மிச்சம் வைத்ததெல்லாம் ஷேக்ஸ்பியர் எழுதிய சொற்கள். அப்படியானால் வசனத்தில் வரும் 'வாள்' என்ன ஆவது? படத்தின் தொடக்கத்தில், பெட்ரோல் பங்க் சண்டையில், "வாளைக் கீழே போடுங்கள்" என்று கத்துகிறான் ரோமியோவின் உறவுக்காரன் பென்வோலியோ. எல்லார் கையிலும் துப்பாக்கி. கேமரா துப்பாக்கிக்கு அருகே போகிறது. அதன் உலோகத்தில் 'ஸ்வோர்ட் 9 எம்எம்' என்று பொறித்திருக்கிறது. வாள் என்பது துப்பாக்கிக் கம்பெனியின் பெயர்! கொஞ்ச நேரம் கழித்து ரோமியோவின் அப்பா, கிழவர் மான்டகியூ "எனது நீள வாளைக் கொடு" என்று கேட்கும்போது அவர் கை தேடிப் போவது ஒரு நீளத் துப்பாக்கியை. என் தோழி அந்த இடத்தில் விசில் அடித்தாள். இன்றைக்கும் எனக்கு அது சிரிப்பையும் மரியாதையையும் ஒருசேர வரவழைக்கிற இடம். பழைய நாடகத்தில் செல்லாமல் போன ஒரு காசை எடுத்து, மேலே வேறு முத்திரை குத்திச் செலவழித்துவிட்டார் மனிதர்.

இந்தப் படத்தின் மேல் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் வந்த கோபத்தில் ஒரு பங்கு காது சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன். பூப்போட்ட சட்டை அணிந்த ரவுடி நானூறு வருடத்து ஆங்கிலம் பேசினால் அவர்களுக்கு உறுத்தும். எனக்கு உறுத்தவே இல்லை. ரவுடி பேசியதும் ஆங்கிலம், பாதிரியார் பேசியதும் ஆங்கிலம், கோனார் நோட்ஸ் இல்லாமல் இரண்டுமே எனக்குப் புரியாது. நமக்கெல்லாம் ஷேக்ஸ்பியர் எப்போதுமே வேறு உடையில்தானே வந்திருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மேக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். பெயரிலேயே ஒலி ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்ட அந்தக் குறும்பு, துப்பாக்கியில் 'வாள்' என்று பொறித்த குறும்புக்குப் பெரியப்பா முறை. ஒத்தெல்லோவை எங்கள் அம்மாவுக்கு அறிமுகப்படுத்தியது 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்'. சிவாஜியும் சாவித்திரியும் அதில் அந்தக் காட்சியை ஆங்கிலத்திலேயே நடிப்பார்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கழுத்தை நெரிக்கும் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

அக்கா மகள் கேட்ட பிறகு இரண்டு மூன்று நாள் அதே யோசனையாக இருந்தது. இந்த நாடகத்தைப் புதுசாக்குகிற யாரும் தாண்டியே ஆகவேண்டிய பள்ளம் அந்தக் கடிதம். வாளுக்குத் துப்பாக்கி வைக்கலாம், இளவரசருக்கு போலீஸ் அதிகாரியை வைக்கலாம் (லூர்மன் அதைத்தான் வைத்தார், ஹெலிகாப்டரோடு). ஆனால் செய்தி போய்ச் சேராததற்கு ஒரு காரணம் வேண்டும். அது நம்பும்படி இல்லாவிட்டால், இரண்டு குழந்தைகள் தபால் கோளாறில் செத்தார்கள் என்று ஆகிவிடும்.

என் பேராசிரியையின் வேதத்தில் இது எப்படி இருக்கிறது என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். செஃபிரெல்லி படத்தில் கடிதத்தோடு போகும் துறவி கழுதையில் போகிறார். ஜூலியட் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அதைச் சொல்லப் போகும் ரோமியோவின் வேலைக்காரன் பல்தசார் குதிரையில் போகிறான். குதிரை கழுதையைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் காரணம். பார்க்க அழகான காட்சி. ஆனால் நாடகத்தில் கழுதையும் இல்லை, குதிரைப் பந்தயமும் இல்லை. 'அசல்' என்று எங்களுக்குக் காட்டப்பட்ட படமும் அந்த இடத்தில் தன் இஷ்டத்துக்கு மாற்றியதுதான். வெல்வெட் உடையில் மாற்றினால் கண்ணுக்குத் தெரிவதில்லை, பூப்போட்ட சட்டையில் மாற்றினால் தெரிந்துவிடுகிறது. மேடமிடம் இதைச் சொல்ல இருபது வருடம் தாமதமாகிவிட்டது.

அசல் எது என்று தோண்டப்போனால் அடி கிடைக்காது. வீசிடி கீறலால் நான் தவறவிட்ட அந்த முடிவில், ரோமியோ விஷம் குடிக்கும் கணத்தில் ஜூலியட் கண் விழித்துவிடுகிறாள். அவள் கை அவன் கன்னத்தைத் தொடுகிறது, அவன் பார்க்கிறான், தாமதம். ஷேக்ஸ்பியரில் இது கிடையாது; அவள் எழும்போது அவன் பிணம். முதல்முறை பார்த்தபோது, "அடப்பாவி, இதையும் மாற்றிவிட்டானா" என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம் தெரிந்தது, இது லூர்மன் கண்டுபிடித்தது இல்லை. டேவிட் கேரிக் என்ற பெரிய நடிகர் 1748-இல் லண்டன் மேடையில் செய்தது. இருவரும் கடைசியில் பேசிக்கொள்ள ஒரு காட்சியையே எழுதிச் சேர்த்தார். பல தலைமுறைகள் அதைத்தான் ரோமியோ ஜூலியட் என்று நம்பி அழுதன.

அதைவிட வேடிக்கை லியர் அரசன். 1681-இல் நேஹம் டேட் என்பவர் அந்த நாடகத்துக்குச் சுபம் போட்டார். கோமாளியைத் தூக்கிவிட்டார், லியரின் மகள் கார்டீலியாவைச் சாகவிடாமல் எட்கருக்குக் கட்டிவைத்தார். 1838-இல் மெக்ரெடி என்ற நடிகர் கோமாளியை மேடைக்குத் திரும்பக் கொண்டுவரும் வரை ஒன்றரை நூற்றாண்டு அந்தத் திருத்தம் ஓடியது. சாமுவேல் ஜான்சன் மாதிரி ஒரு மேதையே, கார்டீலியா சாவதைத் தாங்க முடியவில்லை என்று அந்தச் சுபத்துக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார். எங்கள் பாட்டி 'பாசமலர்' பார்க்கும்போது கடைசி அரை மணி நேரம் எழுந்துபோய்ச் சமையல் பார்ப்பாள். ஜான்சன் அந்தக் கட்சி.

கடிதத்துக்கு நான் பார்த்ததிலேயே நல்ல விடை 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'தான். 1957-இல் மேடையில் வந்து, 1961-இல் படமானது. ரோமியோ ஜூலியட் ஊரான வெரோனாவின் இரண்டு பகைக் குடும்பங்கள் நியூயார்க்கில் இரண்டு கும்பல்களாகின்றன. ஒன்று வெள்ளைக்காரப் பையன்கள், இன்னொன்று போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். மரியா தன் காதலன் டோனிக்குச் செய்தி சொல்லி அனிதாவை அனுப்புகிறாள். அனிதாவின் காதலனைக் கொன்றவனே டோனிதான், இருந்தும் போகிறாள். டோனி ஒளிந்திருக்கும் கடைக்குள் எதிர்க் கும்பல் பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, கேலி செய்து, கீழே தள்ளி, பலாத்காரத்தின் விளிம்பு வரை போகிறார்கள். கடைக்காரர் வந்து தடுக்கிறார். அனிதா எழுந்து, உடையைச் சரிசெய்து, கொண்டுவந்த செய்தியை விழுங்கிவிட்டு வேறொன்றைத் துப்புகிறாள்: மரியா செத்துவிட்டாள்.

இங்கே கழுதை இல்லை, கூரியர் இல்லை, விதி இல்லை. எந்தப் பகை கதையைத் தொடங்கியதோ அதுவே செய்தியையும் கொன்றுவிடுகிறது. இந்த ஓர் இடத்தில் ஷேக்ஸ்பியரைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் மேடம் என்னை வகுப்பை விட்டு அனுப்பிவிடுவார். பரவாயில்லை, போகிறேன். 1961-இல் அந்த அனிதாவாக நடித்த ரீட்டா மொரெனோ, 2021-இல் ஸ்பீல்பெர்க் மறுபடி எடுத்த படத்தில் அதே கடையின் சொந்தக்காரியாக வருகிறார். அந்தப் பையன்களை அடக்கி நிறுத்துவது அவர்தான். அறுபது வருடம் கழித்து அதே காட்சிக்குள் மறுபக்கமாக நுழைகிறார். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஹாம்லெட்டிலும் ஒரு கடிதம் உண்டு. ஹாம்லெட்டைக் கொல்லச் சொல்லி அரசன் கொடுத்தனுப்புவது. மைக்கேல் அல்மெரெய்டா 2000-இல் அதை நியூயார்க் கம்பெனி உலகத்துக்குக் கொண்டுவந்தபோது, ஹாம்லெட் விமானத்தில் கூட வரும் நண்பர்களின் லேப்டாப்பைத் திறந்து, தன் பெயர் இருக்கும் இடத்தில் அவர்கள் பெயரைப் போட்டுவிடுகிறான். சாமர்த்தியம்தான். ஆனால் அதே படத்தில் ஹாம்லெட்டாக நடித்த ஈதன் ஹாக் "இருப்பதா, இறப்பதா" வசனத்தைச் சொல்லிக்கொண்டு நடப்பது ஒரு பிளாக்பஸ்டர் வீடியோ கடையில், 'ஆக்‌ஷன்' என்று பலகை தொங்கும் வரிசையில். அப்போது அது பளிச்சென்று 'இன்றைய' காட்சி. இன்றைக்கு அந்தக் கடைச் சங்கிலியே போய்விட்டது. வீடியோ கடை என்றால் என்ன என்று அக்கா மகளுக்கு விளக்கினால்தான் அந்தக் கிண்டல் புரியும். ஹாம்லெட்டின் எல்சினோர் கோட்டைக்கு விளக்கம் தேவைப்படவில்லை, வீடியோ கடைக்குத் தேவைப்படுகிறது! அப்பாவின் ஆவி பெப்சி மெஷினுக்குள் கரைவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

விஷால் பரத்வாஜ் 2014-இல் ஹாம்லெட்டை 'ஹைதர்' என்று எடுத்தபோது இந்தப் பொறியில் சிக்கவில்லை. தன் காலத்துக்குக் கொண்டுவராமல் 1995-இன் காஷ்மீரில் வைத்தார். அங்கே செல்போன் வந்ததே 2003-இல்தான். ஒருவர் காணாமல் போனால் உண்மையிலேயே காணாமல் போய்விடுகிற காலம், இடம். ராணுவம் பிடித்துச் சென்ற ஹைதரின் அப்பா, ஒரு டாக்டர், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று மனைவிக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட மனைவிகளுக்கு அங்கே 'அரை விதவை' என்றே ஒரு சொல் உண்டு. அந்த மனைவியாகத் தபு. ஹாம்லெட்டின் அம்மா ஏன் இவ்வளவு சீக்கிரம் கொழுந்தனோடு போனாள் என்று படிப்பாளிகள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விக்கு, அந்தச் சொல் ஒன்றே பாதி பதிலைக் கொடுத்துவிடுகிறது.

ஆவிக்கு என்ன செய்தார் தெரியுமா? இர்ஃபான் கானை அனுப்பினார். பனியில், கறுப்புக் கண்ணாடியோடு, நொண்டி நொண்டி ஒரு ஆள் வருகிறான். பெயர் ரூஹ்தார். ரூஹ் என்றால் ஆன்மா. சிறையில் டாக்டரோடு ஒரே அறையில் கிடந்தவன். இருவரையும் ஆற்றில் எறிந்ததில் இவன் மட்டும் பிழைத்தவன். இறந்தவரின் சொல்லைச் சுமந்து வருகிற மனிதனைவிட வேறு என்ன ஆவி வேண்டும்?

அந்தப் படத்தில் என்னை விடாத காட்சி ஷேக்ஸ்பியரில் இல்லவே இல்லை. ஓர் ஆள் தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறான், உள்ளே போகமாட்டேன் என்கிறான். வீட்டார் எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லை. ரூஹ்தார் வந்து, எங்கிருந்து வருகிறாய், அடையாள அட்டை எங்கே என்று அதட்டி, உடம்பைத் தடவிச் சோதனை போட்டு, போ என்கிறான். உடனே உள்ளே போய்விடுகிறான். சோதனை போடாமல் எந்த வாசலையும் தாண்ட முடியாத அளவுக்குப் பழகிப்போனவன். காஷ்மீரி எழுத்தாளர் அக்தர் மொஹியுத்தீனின் கதையிலிருந்து எடுத்தது. அந்த ஆளாக நடித்தவர் பரத்வாஜோடு திரைக்கதை எழுதிய பத்திரிகையாளர் பஷாரத் பீர்.

'ஹைதர்' பார்வையாளர்களைப் பிரித்தது. ஆனால் லூர்மன் பிரித்த மாதிரி இல்லை. இங்கே யாரும் ஷேக்ஸ்பியர் கெட்டுவிட்டார் என்று சண்டை போடவில்லை. ராணுவத்தை இப்படிக் காட்டலாமா என்று ஒரு பக்கம். பண்டிட்கள் துரத்தப்பட்ட கதை எங்கே என்று ஒரு பக்கம். மார்த்தாண்ட சூரியக் கோயில் இடிபாட்டில் அப்படி ஒரு பாட்டை எடுக்கலாமா என்றும் கோபம். படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக் ஓடியது, பாராட்டி இன்னொன்று ஓடியது. பாகிஸ்தானில் தணிக்கை தாண்டவில்லை. இங்கே ஐந்து தேசிய விருதுகள். பண்டிட்கள் பற்றிய கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. படம் பிடித்திருந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொன்னதற்கு ஒரு நண்பர் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்.

கடைசியாக, நாடகத்தில் அந்தக் கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை?

ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. தேர்வில் வராது என்று நாங்கள் தாண்டிப்போன பக்கம். ஜான் என்ற துறவி கடிதத்தோடு கிளம்புகிறார். துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் கொள்ளைநோய் இருக்கலாம் என்று நகரத்து ஆட்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவு பயம். 1592-லிருந்து 94 வரை கொள்ளைநோயால் லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அது முடிந்து ஓரிரு வருடத்தில் எழுதிய நாடகம் என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அவர்கள் தெருவிலும் அப்படிப் பூட்டிய கதவுகள் இருந்தன.

செஃபிரெல்லிக்கும் லூர்மனுக்கும் அது செல்லாத காசாகத் தோன்றியிருக்கிறது. எனக்கும் தோன்றியது, 2020 வரை.

அந்த ஆகஸ்டில் கும்பகோணத்தில் பெரியம்மா போய்விட்டார். விடிகாலை ஐந்து மணிக்கு போன் வந்தது; ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு எனக்குச் செய்தி தெரியும். இ-பாஸ் விண்ணப்பம் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது. அக்காவால் விண்ணப்பிக்கவே முடியாது, அவர்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. வீடியோ காலில் பார்த்தோம். யாரோ ஒரு பையன் போனைப் பிடித்திருந்தான், அவன் கை ஆடிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் மறுவாரம் அக்கா வீட்டில் சொன்னேன். அக்கா மகள் தன் போனிலேயே அந்தக் காட்சியில் ஜான் இதைச் சொல்லும் இடத்தைத் தேடி எடுத்தாள். "இவ்வளவுதானா? ஏழெட்டு வரிதான் இருக்கு" என்றாள். பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொல்லிப் பார்த்தாள். கதவுக்கு முத்திரை வைத்த இடம் வந்ததும் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அங்கே தகரம் அடித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அக்கா கேட்டாள், "லெட்டரைக் கையில வாங்கக்கூட ஆள் வரலையா?"

"வரலைன்னுதான் இருக்கும்மா."

"நம்ம பால்காரர் மாதிரி" என்றாள் அக்கா. கம்பு நுனியில் பால் பாக்கெட்டை மாட்டித் தகரத்துக்கு மேலே நீட்டிவிட்டு, காசைக்கூட வாங்காமல் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்வாராம்.